குரங்கு விரட்டிய குச்சி

நைனார்பாளையம்
8.6.2025

கல்வராயன் மலையில் வேலி காக்கப் போயிருக்கும் என் மாமாவுக்கு,

கொளஞ்சி எழுதுவது. இங்கே நானும் மாடும் கோழிகளும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போன் எடுக்காத பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் வேறு என்னத்தை நினைக்க? கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு வரி எழுதாத மனுஷன், டவர் இல்லாத புண்ணியத்தில் இப்போது கடிதம் எழுதுகிறார். நம் ஊர்க்காரர் பூமாலை அண்ணன்தானே அந்த மலை பஸ்ஸுக்குக் கண்டக்டர். கடிதத்தைக் கொடுக்கும்போது அவர் முகத்தில் ஒரே சிரிப்பு. "இன்னாமா கொளஞ்சி, பொண்ணு பாத்துட்டுப் போன மாப்ள மாதிரி எழுதிக்கினு கீறாரு?" என்கிறார். "அந்த மாப்ளைக்கு முடி கொட்டிப்போச்சுண்ணே" என்றேன்.

காலையில் எழுந்ததும் செடி செடியாகப் போய்ப் பூ பறிப்பதுதான் வேலை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு முழம் பூ வாங்கி வந்தது எந்த வருஷம் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. மரவள்ளிப் பூவையா பறிக்கிறீர்கள்? அதை யார் தலையில் வைக்கப் போகிறீர்கள்?

நம் கொல்லைக்கு வருகிறேன். இந்த வெள்ளாமையிலும் தேமல் வந்துவிட்டது. இலை முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டு. நாய்க் காது மாதிரி சுருண்டு தொங்குகிறது. தட்டினால் வெள்ளை ஈ புகை மாதிரி பறக்கிறது. போன தடவை மில்லில் நம் கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல மாவு எங்கம்மா கீது, நார்தான் கீது" என்று கேட்டானே, இந்தத் தடவை நாரும் தேறாது போலிருக்கிறது.

நிலத்துக்காரர் தமிழ்வேந்தன் தம்பி சின்னசேலத்திலிருந்து வண்டியில் வந்து வரப்பில் நின்று பார்த்தார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. "கொளஞ்சிக்கா, அடுத்த தைக்குள்ள தேமல் இல்லாத குச்சியாப் பாத்துக் கொண்டாந்து காட்டு, குத்தகை உனக்கேதான். இல்லன்னா கரும்பு வெக்கறவங்க கேட்டுக்கினு கீறாங்க, வுட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒடித்து நடுவதற்கு நல்ல குச்சிக்கு நான் எங்கே போவேன்? ஊரில் எந்தக் கொல்லையில் ஒடித்தாலும் தேமல் குச்சி. நீங்கள் காக்கும் வேலிக்குள்தான் நோயே அண்டாத செடி இருக்கிறதாம், பூமாலை அண்ணன் சொன்னார். வரும்போது ரெண்டு குச்சி ஒடித்துக்கொண்டு வாருங்கள். மரவள்ளிக் குச்சி என்று வந்து கேட்டால் பகையாளிக்குக்கூட நம் பக்கத்தில் இல்லை என்று சொல்வதில்லை. நான் தாலி கட்டிக்கொண்டவள்.

இப்படிக்கு,
பூ வைக்காத தலைக்காரி கொளஞ்சி


வெள்ளிமலை ரோடு, கம்பெனிக் கொட்டகை
15.6.2025

அன்புள்ள கொளஞ்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்துச் சிரித்தேன். கடைசியில் பயந்தேன். குச்சி தர முடியாது. ஏன் என்று எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இந்தச் செடிகளைச் செய்தது நிர்மலா மேடம். வாராவாரம் ஜீப்பில் வந்து இலை இலையாகப் பார்ப்பார். அவர் சொன்னது இது. மண்ணில் ஒரு பாக்டீரியா இருக்கிறது. அது மரத்தின் அடியில் காயம் பட்ட இடமாகப் பார்த்து உள்ளே போகும். மரத்தின் செல்லுக்குள் தன் ஜீனைக் கொண்டுபோய் வைத்துவிடும். அதற்குப் பிறகு மரம் தன் வேலையை விட்டுவிட்டு அந்தப் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு செய்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் கட்டி கட்டியாக வீங்கும். மேடம் அந்தப் பாக்டீரியாவிடமிருந்து கட்டி உண்டாக்கும் ஜீனை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் தேமல் வைரஸின் ஒரு சின்னத் துண்டை வைத்து அனுப்பினார். அது வழக்கம்போல மரவள்ளி செல்லுக்குள் போய் அந்தத் துண்டை வைத்துவிட்டு வந்தது. திருடனுடைய போட்டோவை முன்னாலேயே காட்டி வைத்த மாதிரி. வெள்ளை ஈ நிஜ வைரஸைக் கொண்டுவந்தால் செடி அடையாளம் தெரிந்து அடித்துவிடுகிறது.

இதற்கு முன்னால் வேறு விதமாகவும் செய்து பார்த்தாராம். தங்கத்தூளில் ஜீனைத் தடவி, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியில் வைத்து செடித் துணுக்கின் மேல் சுடுவார்களாம். நிறைய செல் கிழிந்து செத்துப்போனது என்று விட்டுவிட்டார்.

அரசாங்கம் இந்த வேலிக்குள் மட்டும்தான் அனுமதி கொடுத்திருக்கிறது. தின்றால் என்ன ஆகும், மண்ணுக்கு என்ன ஆகும் என்று இன்னும் பார்த்து முடியவில்லை. பூ மலர்ந்தால் வண்டு அதன் மகரந்தத் தூளை மலைக்காரர்கள் கொல்லைக்குக் கொண்டுபோகும், அதனால்தான் மொட்டிலேயே பறிக்கிறேன். கடைசியில் கிழங்கு, குச்சி, இலை எல்லாவற்றையும் குழியில் போட்டு எரிக்க வேண்டும். ஒரு குச்சி வெளியே போனது தெரிந்தால் மொத்தத்தையும் நிறுத்திவிடுவார்கள். என் வேலை போவது இருக்கட்டும், அந்தம்மா பாதி வயசை இதில் போட்டிருக்கிறது.

ஊருக்குக் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்தால் முதல் குச்சி உனக்குத்தான் கேட்பேன். அதுவரை கேட்காதே.

இப்படிக்கு,
தங்கதுரை


நைனார்பாளையம்
29.6.2025

பேரில் மட்டும் தங்கம் வைத்திருக்கும் மாமாவுக்கு,

என் கம்மல் அடகுக்குப் போன நாளிலிருந்து காதில் துடைப்பக்குச்சி செருகிக்கொண்டு திரிகிறேன். அங்கே செடிக்குத் தங்கத்தைச் சுடுகிறார்களா? அடுத்த தடவை சுடும்போது என்னையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். குறி தப்பி ரெண்டு பொட்டு என் காதில் படட்டும்.

அந்தப் பாக்டீரியாவை எனக்கு நன்றாகத் தெரியும் மாமா. அது உங்க அக்கா பாப்பாத்திதான். கையில் ஒரு மஞ்சள் பையோடு வருவாங்க. ஓரமாக உட்காருவாங்க. நாலு நாள் கழித்துப் பார்த்தால் என் வீட்டுக் குழம்பு அவங்க ருசிக்கு மாறிப்போயிருக்கும், நானே என்னை அறியாமல் அவங்களுக்குப் பிடித்த மாதிரி புளி கரைத்துக்கொண்டு நிற்பேன். உங்க மேடம் அந்த ஜீனை எடுத்தாரே, உங்க அக்காவுக்கும் அப்படி எதையாவது எடுக்க முடியுமா என்று கேட்டு வையுங்கள்.

சிரித்தீர்களா? சரி.

குச்சி கேட்க மாட்டேன். நீங்கள் சொன்னது பாதி புரிந்தது. ஒரு பொம்பளை பாதி வயசைப் போட்டு வளர்த்ததை இன்னொரு பொம்பளை ஒடிக்கக் கூடாது, அது முழுசாகப் புரிந்தது.

இங்கே மழை இல்லை. பகலெல்லாம் அடுத்தவர் கொல்லையில் களை வெட்டிவிட்டு, வந்து நம் கொல்லைக்குத் தண்ணீர் விட்டால் எதற்கு விடுகிறோம் என்று தோன்றுகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை. இந்த அலுப்பு உடம்பில் இல்லை. எலும்புக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டு என்னைத் தனக்குச் சமைக்க வைத்துக்கொண்டிருக்கிறது. அதுவும் ஒரு பாக்டீரியாதான் போலிருக்கிறது.

ஆடிப்பெருக்குக்கு அங்கே வருகிறேன். கருவாட்டுக் குழம்பு கொண்டுவருகிறேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் கேஸ் போடுவார்களா?

இப்படிக்கு,
துடைப்பக்குச்சிக் கம்மல்காரி


கம்பெனிக் கொட்டகை
10.8.2025

அன்புள்ள கொளஞ்சிக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்ததைப் பூமாலை சொன்னான். நீ கொண்டுவந்த குழம்பை மூன்று வேளை வைத்துச் சாப்பிட்டேன். மேடமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீ அவரிடம், "ஏம்மா, செடிக்குள்ள எது எதயோ வெக்கறியே, எங்க வூட்டுக்காரரு மண்டைக்குள்ள கொஞ்சம் சிரிப்ப வெக்க முடியாதா?" என்று கேட்டாயே, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அவர் சிரித்து இங்கே யாரும் பார்த்ததில்லை.

நீ குச்சி கேட்கவில்லை. கேட்காமல் வேலியைப் பிடித்துக்கொண்டு அந்த இலைகளையே பார்த்து நின்றாய். அதற்கு நீ கேட்டிருக்கலாம்.

பஸ்ஸுக்கு இறங்கும் வழியில் குரங்குகள் உன் பையைப் பிடித்து இழுத்தபோது நான் பயந்துவிட்டேன். நல்ல வேளை, கொட்டகை ஓரத்தில் குச்சி கிடந்தது. அந்த வாரம் காட்டுப்பன்றி வேலிக்கு அடியில் புகுந்து சில செடிகளைச் சாய்த்துவிட்டது அல்லவா, அவற்றை எரிக்கக் குவித்து வைத்திருந்தோம். அதில் நல்ல தடியாகப் பார்த்து உருவிக் கொடுத்தேன். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீ நடந்த நடை இருக்கிறதே, ஓட்டு கேட்கப் போகிறவள் மாதிரி இருந்தது. குரங்குகளே ஒதுங்கி நின்றன.

நீ போன பிறகு இந்தப் பள்ளம் முன்னைவிடப் பெரிதாக இருக்கிறது. தை வரை ஓட்டிவிட்டால் போதும். வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கதுரை


நைனார்பாளையம்
21.9.2025

குரங்குகளை வென்ற வீரருக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நீங்கள் உருவிக் கொடுத்த அந்தக் குச்சியைப் பஸ்ஸிலும் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கையை விட்டால் போதும் என்று மாட்டுக் கொட்டாய் மூலையில் ஊன்றிவிட்டு, கோழி வலையின் ஒரு முனையை அதில் கட்டினேன். அதோடு மறந்துவிட்டேன். மாடு குளிப்பாட்டின தண்ணீர் அந்தப் பக்கம்தானே ஓடும்.

துளிர் விட்டிருக்கிறது மாமா! நான் பார்த்தபோது விரல் நீளம் இருந்தது, இப்போது முழங்கால் உயரம். கை விரித்த மாதிரி இலை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு மஞ்சள் பொட்டு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. பத்தடி தள்ளி நம் கொல்லை கிடக்கிற கிடைக்கு, இது பக்கத்து ஊர்ப் பணக்காரன் வீட்டுப் பிள்ளை மாதிரி நிற்கிறது. வெள்ளை ஈ இதன் மேலும்தான் உட்காருகிறது. உட்கார்ந்துவிட்டு வந்த வழியே போகிறது.

நான் கேட்கவில்லை. திருடவில்லை. நீங்களே உங்கள் கையால் உருவி என் கையில் கொடுத்தது. மரவள்ளி எப்பேர்ப்பட்ட சண்டாளி என்று நம் ரெண்டு பேருக்கும் தெரியாதா? வெட்டிப் போட்டால் போட்ட இடத்தில் முளைப்பாள். குரங்கைப் பார்த்த பயத்தில் ரெண்டு பேருக்கும் புத்தி அந்தப் பக்கம் போகவில்லை.

தையில் இதை வெட்டினால் நடுவதற்கு எத்தனை துண்டு, எத்தனை கரணை வரும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. தமிழ்வேந்தன் தம்பியைக் கூட்டி வந்து இந்த இலையைக் காட்டினால் போதும், இன்னொரு வருஷம் கொடுப்பார்.

யாரிடமும் சொல்லவில்லை. என் தங்கச்சி ஜெயம்மாள் மட்டும் சாணி எடுக்க வந்தவள் பார்த்துவிட்டாள். "எக்கா, இன்னா எல டீ இது! வளந்தா எனக்கு ஒரு மொழம் ஒடிச்சிக் குடு" என்றாள். அவள் கொல்லையும் நம் கொல்லை மாதிரிதானே கிடக்கிறது. "மொதல்ல அது வளரட்டும்டி" என்று அனுப்பினேன்.

என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கொளஞ்சி


கம்பெனிக் கொட்டகை
25.9.2025

கொளஞ்சிக்கு,

தப்பு என்னுடையது. எரிக்கப் போட்ட குவியலில் கை வைத்திருக்கக் கூடாது. ஆயுசு முழுக்க மரவள்ளி நட்டவன் நான், குரங்கைப் பார்த்து அதை மறந்தேன்.

இந்தக் கடிதம் கிடைத்த உடனே அதை வேரோடு தோண்டி எடுத்து எரித்துவிடு. மாட்டுக்கு ஒரு இலை போடாதே. ஜெயம்மாளுக்கு ஒரு சாண் கொடுக்காதே, காரணமும் சொல்லாதே. அவளிடம் சொன்னால் பஸ் ஸ்டாண்டில் சொன்ன மாதிரி. அடுத்த மாதம் அதிகாரிகள் செடியை எண்ணிப் பார்க்க வருகிறார்கள். எங்கேயாவது ஒரு வாய் திறந்தால் மேடம் தெருவில் நிற்பார்.

உனக்குக் கஷ்டமாக இருக்கும். எனக்கும்தான். ஆனால் இதில் விளையாடாதே. ஒரு தடவையாவது விளையாடாமல் பதில் எழுது.

தங்கதுரை


நைனார்பாளையம்
2.10.2025

உத்தரவு போடும் துரைக்கு,

ஆச்சு. பிடுங்கியாச்சு, எரித்தாச்சு. செத்தவர்களுக்குப் பால் தெளிக்க வேண்டுமே, பால் சொசைட்டிக்குப் போய்விட்டது, அதனால் சாம்பலுக்கு ஒரு டம்ளர் மோர் ஊற்றினேன். கோழி வலைக்கு இப்போது இரும்புக் கம்பி. அது துளிர் விடாது என்று நினைக்கிறேன், விட்டால் எழுதுகிறேன்.

இன்றைக்குக் காந்தி ஜெயந்தி. பொய் சொல்லக்கூடாத நாளாகப் பார்த்து எழுதியிருக்கிறேன், நம்புங்கள்.

மேடத்தைச் சாப்பிடச் சொல்லுங்கள். போன தடவை பார்த்தபோது கன்னம் ஒட்டியிருந்தது.

இப்படிக்கு,
மோர் ஊற்றின கொளஞ்சி


நைனார்பாளையம்
23.11.2025

மாமாவுக்கு,

மழை ஓய்ந்ததும் நம் கிழங்கைப் பிடுங்கிவிட்டோம். பத்து மாதம் மண்ணுக்குள் இருந்து என்ன செய்தாய் என்று ஒவ்வொரு கிழங்கையும் கேட்டேன். எல்லாம் என் விரலைப் பார்த்து வளர்ந்த மாதிரி இருக்கிறது. லாரிக்காரன் ஏற்றும்போது, "இன்னாக்கா, வேரக் குடுத்துட்டுக் கெழங்க வூட்லயே வெச்சிக்கினியா?" என்று கேட்டான். நானும் சிரித்தேன். சிரித்தால் கொஞ்சம் நேரம் ஓடுகிறது.

தமிழ்வேந்தன் தம்பி வந்து பார்த்தார். "தை பொறக்கட்டும்க்கா" என்றார். அவ்வளவுதான்.

கொட்டாய்ப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் பச்சை கண்ணில் படுகிறது மாமா. இந்நேரம் என் இடுப்பு உயரம் இருக்கும். பயப்படாதீர்கள், பூத்தால் மொட்டிலேயே பறித்துத் தலையில் வைத்துக்கொள்கிறேன். ஜெயம்மாள் இப்போதெல்லாம் அந்தப் பக்கமே வருவதில்லை.

உங்களுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று பூமாலை அண்ணன் சொன்னார், குறைந்ததா? மலைக் குளிரில் வெறும் தரையில் படுக்காதீர்கள்.

இப்படிக்கு,
கொளஞ்சி


கம்பெனிக் கொட்டகை
18.1.2026

அன்புள்ள கொளஞ்சிக்கு,

பொங்கலுக்கு வர முடியவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

எல்லாம் முடிந்துவிட்டது. செடிக்கு ஒரு குறையும் இல்லை. பிடுங்கிப் பார்த்தபோது கிழங்கு தொடை கனம் இருந்தது. இலையில் கடைசி வரை ஒரு தேமல் இல்லை. ஆனால் கம்பெனியை வேறு யாரோ வாங்கிவிட்டார்களாம். வாங்கினவர்கள் மேடத்தைக் கூப்பிட்டு, மரவள்ளி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் பயிர் வைக்கிறவர்கள் விதை வாங்க மாட்டார்கள், குச்சியை ஒருவருக்கு ஒருவர் சும்மா ஒடித்துக் கொடுத்துக்கொள்வார்கள், இதில் எதை விற்பது என்று கேட்டார்களாம். நம் ஊர் வழக்கம் அவ்வளவு தூரம் போயிருக்கிறது பார்.

விதிப்படி எல்லாவற்றையும் குழியில் போட்டு எரித்தோம். நான்தான் தீ வைத்தேன். மேடம் குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, லேபுல பாட்டில்ல வளத்த நாத்தக்கூட அழிச்சிட்டாங்கண்ணே. ஒண்ணுகூட இல்ல" என்றார். ஜீப்பில் ஏறும்போது உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

கொளஞ்சி, இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. உன்னை எனக்குத் தெரியும். நீ அதைப் பிடுங்கியிருக்க மாட்டாய். மோர் ஊற்றினேன் என்று எழுதினாயே, அப்போதே எனக்குத் தெரியும். இடுப்பு உயரம் என்று நீயே எழுதினாய். ஜெயம்மாளை அந்தப் பக்கம் வரவிடாமல் காத்து வைத்திருக்கிறாய். அப்போது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். அதிகாரிகள் வந்து எண்ணிவிட்டுப் போனார்கள், குவியலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கோபித்துக்கொள்ள மாட்டேன். அந்தச் செடியில் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். உத்தரவு போட்டவர்களே போய்விட்டார்கள், இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? தமிழ்வேந்தனை அழைத்துக் காட்டலாம். அதை வெட்டி நட்டு, அதிலிருந்து வெட்டி நட்டு, ரெண்டு வருஷத்தில் கொல்லையை மீட்டுவிடலாம். நான் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஓசூர் பக்கம் ஒரு பூப்பண்ணைக் காவலுக்குக் கூப்பிடுகிறார்கள். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுது, அன்றைக்கே வந்துவிடுகிறேன். இல்லை என்றால் ஓசூருக்குத்தான் போக வேண்டும், நம் ஊருக்கு வந்து நான் என்ன செய்ய?

பூமாலையிடம் பதில் கொடுத்தனுப்பு.

தங்கதுரை


நைனார்பாளையம்
25.1.2026

மாமாவுக்கு,

ஒரு தடவையாவது விளையாடாமல் பதில் எழுது என்று கேட்டீர்கள். இதோ எழுதுகிறேன்.

குச்சி இல்லை.

எரிக்கச் சொல்லி நீங்கள் எழுதிய கடிதத்தைப் பூமாலை அண்ணன் கொடுத்தபோது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். நின்ற இடத்திலேயே படித்தேன். படித்துவிட்டுக் கடப்பாரையை எடுத்துச் சுற்றிலும் தோண்டினேன். வேர் அதற்குள் சுண்டுவிரல் கனத்துக்கு ஓடியிருந்தது. ஒரு துணுக்கு அறுந்து உள்ளே நின்றால் மறுபடி முளைக்குமே என்று மண்ணைக் கையால் அளைந்து பார்த்தேன். பச்சைக் குச்சி லேசில் எரியாது, உங்களுக்குத் தெரியும். தென்னை மட்டையைப் போட்டுப் போட்டு ஊதினேன். மாடு கத்திக்கொண்டே நின்றது. ஒரு இலை போடவில்லை.

புகையைப் பார்த்து ஜெயம்மாள் வந்தாள். "ஐயோ எக்கா, நல்ல செடியப் போய் எரிச்சிக்கினு கீறியே, பைத்தியமா உனக்கு? எரிக்கறத எனக்குக் குடு" என்று கையை நீட்டினாள். நான் இல்லை என்றேன். "ஒரு சாண் குடுக்கா" என்றாள். அடியில் ஒரு சாண் இன்னும் தீப் பிடிக்காமல்தான் இருந்தது. இல்லடி என்று அதையும் நெருப்புக்குள் தள்ளினேன். அவள் நீட்டின கை அப்படியே நின்றது. காரணம் சொல்லாதே என்று எழுதியிருந்தீர்கள், சொல்லவில்லை. "கூடப் பொறந்தவளுக்குக் குடுக்கறதுக்குப் பதிலா எரிச்சிடலாம்னு நெனச்சிட்ட. குச்சி இல்லன்னு சொல்ற வூட்ல எனக்கு இனிமே இன்னா வேல?" என்று போனவள்தான். தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. தெருவில் பார்த்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போகிறாள்.

இதையெல்லாம் அப்போதே எழுதியிருக்கலாம். அழுகிற மாதிரி எழுதினால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பீர்கள் என்று, மோர் ஊற்றினேன், கம்பி துளிர் விட்டால் எழுதுகிறேன் என்றெல்லாம் எழுதினேன். இடுப்பு உயரம் என்று எழுதியது, இருந்திருந்தால் அவ்வளவு இருக்கும் என்று தினமும் நினைத்துக்கொள்வதைத்தான். அந்த இடத்தில் கம்பியும் கோழி வலையும்தான் இருக்கிறது. நீங்கள் என் சிரிப்பைப் பொய் என்று படித்திருக்கிறீர்கள்.

உன்னை எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. கோபப்படத் தெம்பு வேண்டும். எல்லாவற்றையும் எரித்த கையால் அதைக் கேட்டு எழுதும்போது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிகிறது. எரிக்காமல் இருந்திருக்கலாமோ என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. அந்தம்மா குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்னும் தோன்றுகிறது. ஆனால் நீங்கள் சொன்னீர்கள், நான் செய்தேன். அவ்வளவுதான்.

கொல்லையை நேற்று விட்டுக்கொடுத்துவிட்டேன். தமிழ்வேந்தன் தம்பிக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாளையிலிருந்து அதே கொல்லையில் கரும்புக் கரணை ஊன்றக் கூலிக்குப் போகிறேன். மண் பழகின மண்தானே.

குச்சி இருந்தால் அன்றைக்கே வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்தான் இருக்கிறேன். அதற்கு வருவீர்களா என்று தெரியவில்லை. ஓசூருக்குப் போவது என்றால் போங்கள், தடுக்க மாட்டேன். வருவது என்றால், நம் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஜெயம்மாள் வீட்டுக்குப் போய் நடந்ததை உங்கள் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். இனிமேல் சொல்லலாம், போவதற்கு வேலை ஒன்றும் மிச்சம் இல்லை. நான் சொன்னால் அவளும் விளையாட்டு என்றுதான் நினைப்பாள்.

பஸ்ஸுக்கு இறங்குகிற வழியில் குரங்குகள் இருக்கும். கல்லை எடுத்து விரட்டுங்கள்.

கொளஞ்சியம்மாள்